சேர்ப்பதும் பிரிப்பதும்: நெட்வொர்க் ஸ்விட்ச்சின் இரு வேலைகள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய நூம்பலும் அதன் அண்டை ஊர்களான வேலப்பன்சாவடி, திருவேற்காடு, வானகரம் ஆகியவையும் இன்று மருத்துவமனைகளும் கல்லூரிகளும் கிடங்குகளும் பட்டறைகளும் நெருங்கி நிற்கும் புறநகர்ப் பகுதிகள். சற்று வடக்கே, 1964 முதல் தொழிற்பேட்டை இயங்கிவரும் அம்பத்தூரில், கடலடிக் கேபிள்கள் வழியே சென்னைக்கு வந்து சேரும் தரவைத் தேக்கிவைக்கும் பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. இந்தக் கட்டடங்களில் எதற்குள் நுழைந்தாலும், வரவேற்பறைக்குப் பின்னாலோ மாடிப்படிக்கு அடியிலோ சுவரில் திருகப்பட்ட இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் பச்சை விளக்குகள் விட்டுவிட்டு எரியும் தட்டையான கருவியில் நீலமும் சாம்பலுமான கேபிள்கள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். நெட்வொர்க் ஸ்விட்ச் என்பது அதுதான். வீட்டுச் சுவரில் விளக்கை ஏற்றி அணைக்கும் ஸ்விட்ச்சுக்கும் இதற்கும் பெயர் ஒன்றே தவிர வேலை வேறு: ரயில் தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பும் அமைப்பையும், பழைய தொலைபேசி நிலையத்தில் ஒரு சந்தாதாரரை இன்னொருவருடன் இணைத்த பலகையையும் ஆங்கிலத்தில் குறித்த சொல்லே கணினி உலகுக்கும் வந்தது.

ஒரு மருத்துவமனையில் நோயாளியின் எக்ஸ்ரே படம், மருந்தகத்தின் கணக்கு, வாசலில் பொருத்திய கேமராவின் காட்சி, காத்திருக்கும் உறவினர் கைப்பேசியில் பார்க்கும் திரைப்படம் ஆகிய எல்லாமே இந்த ஒரே பெட்டியின் வழியாகத்தான் போகின்றன. யார் யாருடன் பேச முடியும், யாருடன் பேசவே முடியாது என்ற கேள்விக்கான விடையும் இந்தப் பெட்டியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. யாரும் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால், எல்லோரும் எல்லோருடனும் பேசலாம் என்பதே அந்த விடை. இந்தியாவில் 2019-இல் கூடங்குளத்திலும் 2022-இல் டெல்லியிலும் நிகழ்ந்த இரண்டு ஊடுருவல்கள் முற்றிலும் வேறு வேறு விதமாக முடிந்ததற்கு இந்த விடையே பெரிய காரணம். அவற்றைப் புரிந்துகொள்ள, ஸ்விட்ச் எதைப் பார்க்கிறது, எதை நம்புகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் என்ற முறையை, அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் 1973-இல் உருவாக்கத் தொடங்கினர். ஒரே தடித்த கேபிளில் எல்லாக் கணினிகளும் தொற்றிக்கொண்டிருந்த அந்த அமைப்பில், ஒரு கணினி பேசினால் மற்ற எல்லாக் கணினிகளின் காதிலும் அது விழுந்தது. தனக்கு உரியதல்லாத செய்தியைக் கேட்டும் கேளாதது போல் விட்டுவிடுவது ஒவ்வொரு கணினியின் நாகரிகத்தைச் சார்ந்ததாக இருந்தது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டு செய்திகளும் மோதிச் சிதைய, இரண்டும் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் பேச வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஹப் என்ற பெட்டி கேபிளின் வடிவத்தை மாற்றியதே தவிர இந்தப் பழக்கத்தை மாற்றவில்லை: ஒரு வாயில் நுழைந்ததை மற்ற எல்லா வாய்களிலும் அப்படியே ஒலிபரப்பியது. அன்று எவரேனும் ஒருவர் தம் கணினியை எல்லாவற்றையும் கேட்கும்படி மாற்றியமைத்தால், அந்த அலுவலகத்தின் கடவுச்சொற்கள் முழுவதும் அவர் திரையில் ஓடும்.

இந்த நிலையை மாற்றிய முதல் வணிகக் கருவிக்கு இந்தியப் பெயர் அமைந்தது. வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளித் தொழில்முனைவர் லாரி பிளேருடன் சேர்ந்து கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்துக்குத் தம் மனைவி கல்பனாவின் பெயரையே இட்டார். அந்தக் கல்பனா நிறுவனம் 1990 வாக்கில் ஏழு போர்ட்கள், அதாவது கேபிள் செருகும் ஏழு வாய்கள், கொண்ட ஈதர்ஸ்விட்ச் என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு கேபிள்களுக்கு நடுவே நின்று தேவையானதை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் என்ற கருவி அதற்கு முன்பே இருந்தது. அதைப் பல போர்ட்களுக்கு விரித்து, ஒரே நேரத்தில் பல இணைகள் தடையின்றிப் பேசிக்கொள்ளச் செய்ததுதான் புதுமை. 1994-இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை விலைக்கு வாங்கியது. இன்று உலகெங்கும் அலுவலகச் சுவர்களில் தொங்கும் கோடிக்கணக்கான பெட்டிகளின் மூதாதைக்கு அந்தப் பெயர் இருந்ததைப் பெரும்பாலான கணினிப் பாடநூல்கள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஸ்விட்ச்சின் அறிவு எங்கிருந்து வருகிறது? இதற்கு நூம்பலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு தபால்காரரைக் கற்பனை செய்யலாம். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்ற பட்டியல் அவரிடம் தரப்படவில்லை. கடிதங்களின் மேல் தெருப் பெயரும் இல்லை, பெறுநர் பெயரும் அனுப்புநர் பெயரும் மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொரு தெருவிலும் உள்ள அஞ்சல் பெட்டியைத் திறக்கும்போது, அதில் கிடக்கும் கடிதங்களின் அனுப்புநர் பெயரைப் பார்த்து, இவர் இந்தத் தெருக்காரர் என்று அவர் தம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். பெறுநரின் பெயர் நோட்டில் ஏற்கெனவே இருந்தால் கடிதம் அந்தத் தெருவுக்கு மட்டும் போகிறது. இல்லாவிட்டால், அதைப் படியெடுத்து, வந்த தெருவைத் தவிர மற்ற எல்லாத் தெருக்களிலும் போட்டுவிடுகிறார். உரியவர் பதில் எழுதும்போது அவர் எந்தத் தெரு என்பதும் தெரிந்துவிடும். ஸ்விட்ச் செய்வது முழுக்க முழுக்க இதுதான்: யாரும் சொல்லிக்கொடுக்காமல், கடந்துபோகும் செய்திகளின் அனுப்புநர் முகவரியைப் பார்த்தே தன் நோட்டை அது நிரப்பிக்கொள்கிறது.

இங்கே முகவரி எனப்படுவது மேக் முகவரி. கணினி, கேமரா, அச்சுப்பொறி என்று வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவியின் இணைப்புச் சில்லுக்கும் ஆலையிலேயே தரப்படும் 48 பிட் எண் அது. பதினாறு குறிகள் கொண்ட பதின்அறும எண் முறையில் எழுதினால் 12 இலக்கங்கள் வரும், முதல் ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும். ஆதார் எண்ணும் 12 இலக்கங்களே என்பது தற்செயல் ஒற்றுமைதான், எனினும் ஒப்பீடு பொருந்துகிறது: ஆதார் எண்ணைப் பார்த்து ஒருவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்ல முடியாதது போல, மேக் முகவரியும் கருவி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. இதற்கு மாறாக, 1972-இல் அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண்ணில் முதல் இலக்கமே மண்டலத்தைக் காட்டிவிடுகிறது. இணையத்தில் பயன்படும் ஐபி முகவரி அந்த வகையைச் சேர்ந்தது. ஐபி முகவரியைப் பார்த்து வலையமைப்புகளுக்கு இடையே வழிகாட்டும் கருவி ரௌட்டர். மேக் முகவரியைப் பார்த்து ஒரே வலையமைப்புக்குள் கொண்டுசேர்ப்பது ஸ்விட்ச்.

ஒரு செய்தி கேபிளில் போகும்போது ஃபிரேம் எனப்படும் சட்டகத்துக்குள் அடைக்கப்படுகிறது. அதன் தொடக்கத்தில் பெறுநரின் மேக் முகவரிக்கு 6 பைட்டுகள், அனுப்புநருக்கு 6 பைட்டுகள், உள்ளே இருப்பது எவ்வகைச் செய்தி என்று சொல்ல 2 பைட்டுகள், பிறகு 46 முதல் 1,500 பைட்டுகள் வரையிலான சரக்கு, இறுதியில் வழியில் ஏதும் சிதைந்ததா என்று சரிபார்க்கும் 4 பைட்டுகள் இருக்கின்றன. விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள கேபிளில், சட்டகங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளியையும் சேர்த்து, மிகச் சிறிய சட்டகம் ஒன்று கடந்துபோக 672 நானோவிநாடிகள் ஆகின்றன. 24 போர்ட்களும் முழு வேகத்தில் இயங்கினால் விநாடிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கோடி முறை நோட்டைப் புரட்டியாக வேண்டும். சாதாரண நினைவகத்தில் வரிசையாகத் தேடினால் இது ஆகாத காரியம் என்பதால், முகவரியைக் கொடுத்தவுடன் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் தனி வகை நினைவகத்தைப் பெரிய ஸ்விட்ச்சுகளில் வைக்கிறார்கள். வகுப்பறையில் ஆசிரியர் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பெயர் கேட்காமல், ஒரு முறை பெயரைச் சொன்னதும் உரிய மாணவர் எழுந்து நிற்பதைப் போன்றது அதன் செயல்பாடு. நோட்டில் ஏறிய பெயரும் நிரந்தரமல்ல. வழக்கமான அமைப்பில் 300 விநாடிகள் ஒரு கருவி பேசாமலிருந்தால் அதன் பெயர் அழிக்கப்படும், மடிக்கணினியை ஒருவர் வேறு அறைக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்பதற்காக.

இத்தனை அழகான முறையின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. அனுப்புநர் பெயராக எது எழுதப்பட்டிருக்கிறதோ அதைத் தபால்காரர் அப்படியே நம்புகிறார். யாரோ ஒருவர் ஒரே பெட்டியில் லட்சம் பொய்ப் பெயர்களில் கடிதங்களைத் திணித்தால், நோட்டின் பக்கங்கள் தீர்ந்துவிடும். அதன் பிறகு உண்மையான பெயர்களைக் குறிக்க இடமில்லாமல், வரும் கடிதங்களையெல்லாம் படியெடுத்து எல்லாத் தெருக்களிலும் அவர் போடத் தொடங்குவார். சிறிய ஸ்விட்ச்சுகளின் நோட்டில் சில ஆயிரம் பெயர்களுக்கே இடமுண்டு என்பதால், பொய்ச் சட்டகங்களை மழையாகப் பொழியும் மென்பொருள் ஒன்று அதைச் சில விநாடிகளில் நிரப்பி, ஸ்விட்ச்சைப் பழைய ஹப்பாக மாற்றிவிட முடியும். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்க விரும்புபவருக்கு வேண்டியதும் அதுவே. 1982-இல் வகுக்கப்பட்ட ஏஆர்பி என்ற நெறிமுறையிலும் இதே வெள்ளந்தித்தனம் இருக்கிறது. இந்த ஐபி முகவரிக்கு உரியவர் யார் என்று ஒரு கணினி உரக்கக் கேட்க, நான்தான் என்று யார் சொன்னாலும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆகவே கணக்கு அலுவலரின் கணினிக்கும் இணைய வாசலுக்கும் நடுவே மூன்றாவது கணினி ஒன்று சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ள வழி இருக்கிறது. இவற்றை வகுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த ஆய்வாளர்கள் சிலர், ஒரே கட்டடத்தில் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்க முயன்ற காலத்தில் பிறந்த முறைகள் இவை. வாசலில் வருவோர் போவோரெல்லாம் அதே கேபிளில் சேரப்போகிறார்கள் என்பது அன்றைய கேள்வியாக இருக்கவில்லை.

தீய எண்ணம் இல்லாமலே வலையமைப்பு சாய்ந்துபோகும் விதமும் ஒன்று உண்டு. இரண்டு ஸ்விட்ச்சுகளுக்கு இடையே ஒரு கேபிள் அறுந்தால் இன்னொன்று உதவட்டும் என்று இரண்டு கேபிள்களைப் போட்டால், எல்லோருக்கும் போக வேண்டிய சட்டகம் ஒன்றின் வழியே போய் மற்றொன்றின் வழியே திரும்பி, சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கும். ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது என்பதால் அந்தச் சுழல் தானாக அடங்காது. 1985-இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் இதற்குத் தீர்வு கண்டார்: ஸ்விட்ச்சுகள் தமக்குள் பேசி ஒரு தலைமையைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து கிளைகள் பிரியும் மரமாகத் தம் இணைப்புகளை அமைத்துக்கொண்டு, மிகுதிக் கேபிள்களை உறங்கவைத்துவிடும். ஆயினும் அந்த மரத்துக்கும் உயர வரம்பு உண்டு. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில், காலப்போக்கில் ஒட்டி ஒட்டி வளர்ந்த வலையமைப்பு அந்த வரம்பைத் தாண்டிவிட்டிருந்தது. 2002 நவம்பர் 13 அன்று ஓர் ஆய்வுத் தரவு வெள்ளமாகப் பாய்ந்தபோது முழு வலையமைப்பும் நிலைகுலைந்து, ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தையும் பேனாவையும் நம்பி இயங்கினார்கள். ஒரு மூலையில் எழுந்த நெரிசல் மருத்துவமனை முழுவதையும் நிறுத்தியது ஏன் என்றால், அந்த மூலைக்கும் மற்ற இடங்களுக்கும் நடுவே எந்தச் சுவரும் இல்லை.

அந்தச் சுவரை எழுப்பும் வழியும் ஸ்விட்ச்சுக்குள்ளேயே இருக்கிறது. வீலேன் எனப்படும் மெய்ந்நிகர் உள்ளூர் வலையமைப்பு என்பது, ஒரே ஸ்விட்ச்சின் போர்ட்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தனி ஸ்விட்ச்சில் இருப்பது போல நடக்கச் செய்யும் முறை. நூம்பல் போன்ற ஊரில் 30 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே 1 முதல் 8 வரையிலான போர்ட்கள் நோயாளர் பதிவேட்டுக்கும், அடுத்த நான்கு எக்ஸ்ரே, ஸ்கேன் கருவிகளுக்கும், அடுத்த ஆறு கேமராக்களுக்கும், மீதி கணக்குப் பிரிவுக்கும் வருவோருக்கான வை-ஃபைக்கும் ஒதுக்கப்பட்டால், தபால்காரரின் ஒரே நோட்டு ஐந்து தனித்தனி நோட்டுகளாகிவிடுகிறது. பெறுநர் தெரியாமல் எல்லாத் தெருக்களிலும் போட வேண்டிய கடிதம்கூடத் தன் குழுவின் எல்லையைத் தாண்டாது. மேல்மாடியில் இன்னொரு ஸ்விட்ச் இருந்து, இரண்டுக்கும் நடுவே ஒரே கேபிள் ஓடினால், அதில் ஏறும் சட்டகத்தின் மீது பொதுவாக 4 பைட்டு குறிச்சீட்டு ஒன்று ஒட்டப்படும்; இன்ன குழுவைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் அந்தச் சீட்டை மறுமுனை ஸ்விட்ச் படித்துக் கிழித்துவிட்டு, உரிய போர்ட்டில் சட்டகத்தைச் சேர்க்கும். 802.1கியூ என்ற எண்ணோடு 1998-இல் வெளியான இந்தத் தரநிலையில் குழு எண்ணுக்கு 12 பிட்டுகள் இருப்பதால், இரண்டு எண்கள் ஒதுக்கீடு போக 4,094 குழுக்கள் வரை அமைக்கலாம்.

குழுக்கள் ஒருபோதும் பேசக் கூடாது என்பதல்ல நோக்கம். எக்ஸ்ரே படம் பதிவேட்டுக்குப் போய்ச்சேர வேண்டும். கணக்குப் பிரிவு இணையத்தில் வரி செலுத்த வேண்டும். ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒரு வாசல் வழியாக மட்டுமே நடக்க வேண்டும், அந்த வாசலில் ரௌட்டரோ ஃபயர்வாலோ நின்று, எந்தக் கருவி எந்தக் கருவியை எந்தச் சேவைக்காக அணுகலாம் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் உயிர். வாசலை வைத்துவிட்டு, எல்லோரையும் விடு என்று காவலாளிக்குச் சொல்லிவிட்டால் வீலேன் பிரித்ததற்குப் பொருளே இல்லாமல் போய்விடும். நடைமுறையில் இந்தப் பிழை மிகுதியாக நேர்கிறது. மருத்துவமனைகளுக்கு இது மற்றவர்களைக் காட்டிலும் முக்கியம், ஏனெனில் ஸ்கேன் கருவியை இயக்கும் கணினி பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய மென்பொருளோடு இருக்கும், அதைப் புதுப்பிக்கத் தயாரிப்பாளர் அனுமதிப்பதில்லை, கருவியை மாற்றுவதற்கோ பெரும் தொகை வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை அவ்வளவு எளிதில் முடக்கியதற்கு, புதுப்பிக்கப்படாத கணினிகள் ஒன்றையொன்று தடையின்றி எட்ட முடிந்ததும் ஒரு காரணம். திருத்த முடியாத நோயுள்ள கருவியைத் தனி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வதே அங்கு இயலக்கூடிய சிகிச்சை.

கூடங்குளத்தில் நடந்தது இந்தப் பின்னணியில்தான் பொருள்படும். தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இயங்கிவந்த அந்நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருப்பதை, கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது. அக்டோபர் இறுதியில் செய்தி பொதுவெளிக்கு வந்தபோது நிலையத்தின் தரப்பில் முதலில் மறுப்பும், மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகத்தின் ஒப்புதலும் வெளியாயின. டிட்ராக் என்று அழைக்கப்பட்ட அந்தத் தீநிரல் கணினியில் உள்ள கோப்புகளையும் உலாவி வரலாற்றையும் திரட்டி அனுப்பும் உளவு வகையைச் சேர்ந்தது. கிடைத்த மாதிரியில் நிலையத்தின் உள் வலையமைப்பு முகவரிகளே பொதிந்திருந்ததால், அது குறிவைத்து எய்யப்பட்ட அம்பு என்று ஆய்வாளர்கள் கருதினர். பாதிக்கப்பட்ட கணினி நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு தொடர்புள்ள வலையமைப்பில் இருந்தது, அந்த வலையமைப்பு உலைகளோடு தொடர்புடைய முக்கியமான உள் வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்பதே கழகத்தின் விளக்கம்.

இந்த நிகழ்வை வெறும் வெற்றியாகவோ வெறும் தோல்வியாகவோ எழுதுவது தவறு. நிர்வாக வலையமைப்பில் ஒட்டுண்ணி ஒன்று குடியேறியது கவலைக்குரியது; முதலில் மறுத்ததும் சரியல்ல. ஆனால் உள்ளே வந்தவர் எதுவரை போக முடிந்தது என்ற கேள்விக்கு அங்கே பிரிவினைச் சுவர் ஒரு விடையைக் கொடுத்தது. இத்தகைய இடங்களில் வீலேன் சுவர் மட்டும் போதாது என்பதும் கவனிக்கத்தக்கது: ஒரே ஸ்விட்ச்சின் மென்பொருள் வரைந்த கோடு அந்த மென்பொருளின் பிழையால் அழியக்கூடும் என்பதால், அணு உலை போன்ற ஆபத்தான அமைப்புகளுக்குத் தனி ஸ்விட்ச், தனிக் கேபிள், தனி ரேக் என்று உடலளவிலேயே பிரிப்பதுதான் முறை. உள்ளிருந்து வெளியே அளவீடுகளை அனுப்ப மட்டும் தேவைப்படும் இடங்களில், ஒரு முனையில் ஒளியை உமிழும் பகுதியும் மறு முனையில் ஒளியைப் பெறும் பகுதியும் மட்டுமே கொண்ட ஒருவழிக் கருவியை வைக்கிறார்கள். திரும்பிவரும் பாதை அதில் இல்லவே இல்லை. அப்படிப் பிரித்த இடத்துக்குள்ளும் யூஎஸ்பி பென்டிரைவ் வழியாக ஆபத்து நுழையலாம் என்பதை, ஈரானின் யுரேனியச் செறிவூட்டு மையத்தைத் தாக்கி 2010-இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் காட்டியது.

டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 2022 நவம்பர் 23 அன்று நிகழ்ந்தது மறுபக்கம். தரவைப் பூட்டிவைத்து முடக்கும் ரேன்சம்வேர் வகைத் தாக்குதலில் ஐந்து சேவையகங்கள் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு எட்டாமற்போனது. புறநோயாளர் பதிவு, ஆய்வக முடிவுகள், கட்டணம் ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கையால் எழுதியே நடத்த வேண்டியிருந்தது. வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்குக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதிலில் மத்திய அரசே கூறியது. பல மாநிலங்களிலிருந்து வந்து விடியற்காலையில் வரிசையில் நிற்கும் ஏழை நோயாளிகள் மேலும் பல மணி நேரம் காத்திருந்ததற்கு, ஸ்விட்ச்சுகளில் வரையப்படாத கோடுகளும் காரணமாயின என்பது, இந்தத் துறையை வெறும் தொழில்நுட்ப விவகாரமாக ஒதுக்கிவிட முடியாது என்பதற்குப் போதிய சான்று.

கோடு வரைந்த பிறகு, ஒவ்வொரு போர்ட்டையும் காக்கும் வேலை இருக்கிறது. ஒரு போர்ட்டில் ஒன்றிரண்டு மேக் முகவரிகளுக்கு மேல் தென்பட்டால் அதை மூடிவிடும்படி ஸ்விட்ச்சுக்குச் சொல்லலாம். லட்சம் பொய்ப் பெயர்களைத் திணிக்கும் தந்திரம் அங்கேயே முறிந்துவிடும். ஐபி முகவரிகளை வழங்கும் உரிமை எந்தப் போர்ட்டில் உள்ள சேவையகத்துக்கு மட்டும் உண்டு என்று அறிவிக்கலாம். வை-ஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று ஓர் ஊழியர் வீட்டு ரௌட்டரைக் கொண்டுவந்து சுவரில் செருகி, அறியாமலே அலுவலகம் முழுவதற்கும் தவறான முகவரிகளை வாரி வழங்கும் விபத்தை அது தடுக்கும். அந்த வழங்கல் பட்டியலையே ஆதாரமாகக் கொண்டு, நான்தான் அவர் என்று சொல்லும் ஏஆர்பி பொய்களையும் ஸ்விட்ச் பிடித்துவிடும். இன்னும் ஒரு படி மேலே, 802.1எக்ஸ் என்ற முறையில், கேபிளைச் செருகிய கருவி தன் பெயரையும் சான்றையும் காட்டி, மைய சேவையகம் அதைச் சரிபார்க்கும் வரை போர்ட் வேறு எதையும் கடத்தாது. பழைய அச்சுப்பொறிக்கும் கேமராவுக்கும் சான்று காட்டத் தெரியாது. அவற்றை மேக் முகவரியை வைத்தே அனுமதிக்க வேண்டியிருப்பதும், அந்த முகவரியைப் பிறர் எளிதில் போலியாகச் சூட்டிக்கொள்ளலாம் என்பதும் இந்த முறையின் ஓட்டைகள். ஆகவேதான் அவற்றைத் தனிக் குழுவில் ஒதுக்கி, அவை எட்டக்கூடிய இடத்தை மிகக் குறுக்கிவைக்கிறார்கள்.

காவலாளியே கைதியாகும் நிலையும் உண்டு. 2018 ஏப்ரலில், புதிய ஸ்விட்ச்சைத் தொலைவிலிருந்தே நிறுவ உதவும் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி திறந்தே விடப்பட்டிருந்த சிஸ்கோ ஸ்விட்ச்சுகளை ஒரு கூட்டம் தாக்கி, அவற்றின் அமைப்புகளை அழித்தது. உலகெங்கும் சுமார் 2 லட்சம் கருவிகள் பாதிக்கப்பட்டதாகவும் அவற்றில் 3,500 தன் நாட்டில் இருந்ததாகவும் ஈரான் அரசு அறிவித்தது. ஸ்விட்ச்சை நிர்வகிக்கும் வாசல் ஊழியர்களின் கணினிகளோ வருவோரின் வை-ஃபையோ எட்ட முடியாத தனிக் குழுவில் இருக்க வேண்டும், கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டுக்குப் பதில் அதை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் என்ற முறை பயன்பட வேண்டும், ஆலையில் வைத்த கடவுச்சொல் முதல் நாளே மாற வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். ஆலையிலிருந்து வரும்போது எல்லாப் போர்ட்களும் வீலேன் 1-இல் இருப்பதும் ஓர் ஆபத்து. குறிச்சீட்டு இல்லாமல் ஓடும் சட்டகங்கள் பெரும்பாலும் அந்தக் குழுவைச் சேர்ந்தவையாகவே கொள்ளப்படுவதால், ஒரே சட்டகத்தின் மேல் இரண்டு குறிச்சீட்டுகளை ஒட்டி அனுப்புபவர், முதல் ஸ்விட்ச் மேலுள்ளதைக் கிழித்த பிறகு உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டாவது சீட்டைக் கொண்டு வேறொரு குழுவுக்குள் எட்டிக் குதிக்கலாம். போர்ட்களையும் ஸ்விட்ச்சுகளுக்கு இடையிலான இணைப்புகளையும் வீலேன் 1-லிருந்து விலக்கி வைத்தால் இந்தக் குதிப்புக்கு இடமிருக்காது.

நூம்பலிலும் வானகரத்திலும் உள்ள சிறு நிறுவனங்களுக்கு இவையெல்லாம் எட்டாத செலவு என்று எண்ணுவது பிழை. வீலேன் அமைக்கத் தெரிந்த, மேனேஜ்டு ஸ்விட்ச் எனப்படும் வகை இன்று சிறு கடைகளும் வாங்கும் விலையில் கிடைக்கிறது. பல இடங்களில் அது ஏற்கெனவே வாங்கப்பட்டு, கேபிள்களைச் செருகிய நாளிலிருந்து ஆலை அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. குறைவது கருவி அன்று. எந்தப் போர்ட் எந்த அறைக்குப் போகிறது என்று கேபிளில் ஒட்டிய சீட்டும், யாருக்கு யாரோடு பேச வேண்டும் என்று எழுதிய ஒரு பக்கத் தாளும், அதை ஸ்விட்ச்சில் ஏற்ற ஒதுக்கும் ஒரு நாள் உழைப்பும்தான்.

அந்த உழைப்பு என்ன வேறுபாட்டைத் தருகிறது என்பதை, அத்தகைய ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், நாற்காலிக்குப் பின்னால், முன்பு தொலைக்காட்சிக்காகப் போடப்பட்டு இப்போது யாரும் பயன்படுத்தாத ஒரு சுவர் முனையைக் கொண்டு பார்க்கலாம். ஆலை அமைப்பில் விட்ட ஸ்விட்ச்சோடு அது சேர்ந்திருந்தால், யாரோ ஒருவர் அதில் மடிக்கணினியைச் செருகியதும் ஓரிரு விநாடிகளில் அதற்கு ஐபி முகவரி கிடைக்கிறது. முகவரி வந்த நொடியிலிருந்து பதிவேட்டுச் சேவையகமும், பழைய மென்பொருளில் ஓடும் எக்ஸ்ரே கணினியும், கேமராக்களும் அதன் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தோன்றத் தொடங்குகின்றன. கோடுகள் வரையப்பட்ட ஸ்விட்ச்சில், பயன்படாத போர்ட் மூடப்பட்டு எங்கும் போகாத ஒரு குழுவில் வைக்கப்பட்டிருக்கும். கேபிள் செருகப்படுகிறது, போர்ட்டின் மேலுள்ள சிறு விளக்கு எரியவே இல்லை.